வண்டி போகாத சரிவுத் தோட்டத்தில் சின்ன வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது எப்படி?

கேள்வி கேட்டவருக்கும், இதே மாதிரி இடம் வாங்கி வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏற்காட்டில் தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள் 400 மீட்டர் கால்தடத்தில் நடந்தால் உங்கள் இடம். சில்வர் ஓக், பலா, நல்ல சரிவு. அதில் 12க்கு 16 அடியில் இரும்புச் சட்டம், சிமெண்ட் போர்டு சுவர், தகரக் கூரை என்று ஒரு சின்ன வீடு. ஒரு மேஸ்திரி சுற்றிலும் கருங்கல் கட்டி உள்ளே மண் ரொப்பி பேஸ்மட்டம் எழுப்பணும் என்கிறார். இன்னொருவர் தடத்தை அகலப்படுத்தி ஜே.சி.பி.யை இறக்கி, சரிவை வெட்டிச் சமன் செய்து கான்கிரீட் ஸ்லாப் போடலாம் என்கிறார். இதில் எது சரி என்பது உங்கள் கேள்வி.

ரெண்டும் வேண்டாம். தனித்தனியாக ஒன்பது குழி தோண்டி, ஒன்பது கான்கிரீட் கால் நிறுத்தி, அதன் மேல் வீட்டைத் தூக்கி வையுங்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பர்கூர்ப் பக்கமும் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வண்டி போகாத இடத்தில் அஸ்திவாரத்தை முடிவு செய்வது ரெண்டு விஷயம்தான். தோளில் எவ்வளவு எடை போகும், மழைத் தண்ணி எந்த வழியில் போகும்.

முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். 12க்கு 16 என்றால் சுற்றளவு 56 அடி. ரெண்டடி அகலம், மூணடி உயரத்துக்குக் கருங்கல் கட்டினால் 336 கன அடி. அது கிட்டத்தட்ட 22, 23 டன். உள்ளே ரொப்புகிற மண் தனி. ஸ்லாப் என்றால் ஆறு அங்குலத்துக்கே 96 கன அடி கான்கிரீட், ஆறரை டன் வரும், அதற்கு முன்னால் சரிவை வெட்டியாக வேண்டும். நான் சொல்கிற முறையில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ரெண்டடிக்கு ரெண்டடி, ஒரு அடி கனத்தில் ஒரு புட்டிங் (பாரத்தை மண்ணில் பரப்புகிற கான்கிரீட் கட்டை), அதன் மேல் ஒன்பது அங்குலச் சதுரத்தில் தரைக்கு மேல் ஒரு அடி வரை ஒரு சின்னத் தூண். ஒன்பதுக்கும் சேர்த்து 50 கன அடி கான்கிரீட் போதும். சிமெண்ட் 12 மூட்டை, எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் அங்குல ஜல்லி அரை யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). தண்ணி, கம்பி எல்லாம் சேர்த்தாலும் நாலு டன்னைத் தாண்டாது. ஒரு நடைக்கு 25 கிலோ என்று வைத்தால் 160 நடை. கல் கட்டுமானத்துக்கு அதே கணக்கில் 900 நடை ஆகும். கூலியை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்னக் கால் தாங்குமா என்று பயப்படாதீர்கள். 192 சதுர அடி என்பது ஏறத்தாழ 18 சதுர மீட்டர். வீட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 150 கிலோ, ஆட்கள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் ஆறேகால் டன்தான். ஆனால் அதை ஒன்பதால் வகுத்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. நடுக்கால் மொத்தத்தில் கால் பங்கைச் சுமக்கும், மூலைக்கால் பதினாறில் ஒரு பங்குதான். அதனால் நடுக்காலுக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேலே வரும். சதுர மீட்டருக்குப் பத்து டன் மட்டுமே தாங்குகிற சுமாரான மண்ணாக இருந்தாலும், ரெண்டடிச் சதுர புட்டிங் மூன்றரை டன்னுக்கு மேல் தாங்கும். இரட்டிப்புக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. அப்புறம் ஓட்டு வீட்டையோ செங்கல் சுவரையோ இதே காலில் ஏற்றலாமா என்று கேட்காதீர்கள், இந்தக் கணக்கு இலகுவான வீட்டுக்கு மட்டும்.

ஜே.சி.பி. வேண்டாம் என்பதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. சரிவை வெட்டினால் மேல்பக்கம் ஒரு செங்குத்தான மண் சுவர் நிற்கும், கீழ்ப்பக்கம் வெட்டிய மண் தளர்வாகக் கிடக்கும். ஐப்பசி மழையில் மேல் சுவர் சரியும், கீழ் மண் அமுங்கும். ஸ்லாப்பில் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்திருந்தால் நடுவில் விரிசல் விடாமல் என்ன செய்யும்? வண்டி இறங்கிய தடம் ஒன்று போதும், அடுத்த மழைக்கு அதுவே ஓடையாகிவிடும். நூறு வருசமாக வேரும் இலைச் சருகும் பிடித்து வைத்திருக்கிற மேல்மண்ணை ஒருமுறை கிளறிவிட்டால் திரும்ப வைக்க நம்மால் முடியாது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் வேலையில் அதுதான் முதலில் வரும். உங்கள் சர்வே எண் இருக்கிற கிராமம் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் வருடத்துத் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சொந்தப் பட்டா என்பதால் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. கால் அஸ்திவாரத்தில் இதிலும் ஒரு வசதி உண்டு, மரத்துக்கு ஏற்ற மாதிரி வீட்டை நாலடி நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இனி இடத்தைத் தேர்ந்தெடுப்பது. முடிந்தால் நல்ல மழை பெய்கிற நாளில் குடையோடு போய் நின்று பாருங்கள். தண்ணி எங்கே சேர்ந்து ஓடுகிறது என்பது வெயிலில் தெரியாது. வெயில் காலத்தில்தான் போக முடியும் என்றால் சருகைக் கவனியுங்கள், வரிவரியாக ஒதுங்கிக் கிடந்தால் அது தண்ணி போன வழி. குழிவான மடிப்பில் வீடு வைக்காதீர்கள், லேசாகப் புடைத்த முதுகில் வையுங்கள். மரங்களின் அடித்தண்டு கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து பின் வளைந்து மேலே போகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, வரிசையாக எல்லா மரமும் அப்படி இருந்தால் மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். தரையில் பிறை மாதிரி வெடிப்பு, கோடையிலும் கசிகிற ஈரம் இவற்றில் எது இருந்தாலும் நான் சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. மண் பரிசோதனை செய்கிற பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்கணும்.

காப்பித் தோட்டத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பெரும்பாலானவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கல் அடுக்கிப் படிப்படியாக வரப்பு கட்டியிருப்பார்கள் இல்லையா, அந்தப் படி பார்க்கச் சமமாக, வீடு கட்டுவதற்கென்றே விட்ட மாதிரி இருக்கும். அதில் மலைப்பக்கத்துப் பாதிதான் இயற்கை மண், வெளிப்பக்கத்துப் பாதி எந்தக் காலத்திலோ வெட்டிப் போட்ட மண். கீழ்வரிசைக் கால்கள் அந்தக் கொட்டிய மண்ணில் நின்றால் மேல்வரிசை அசையாது, கீழ்வரிசை இறங்கும். அதனால் கொட்டிய மண்ணைத் தாண்டி அடியிலிருக்கிற இயற்கை மண் வரைக்கும் தோண்டுங்கள். புட்டிங்கின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் வெளி முகத்துக்குக் கிடைமட்டமாக மூணடியாவது மண் இருக்கணும்.

சில்வர் ஓக் அடியில் வேண்டாம். காற்றில் அதன் கிளைகள் சட்டென்று முறியும், தகரக் கூரைக்கு அது பெரிய வம்பு. குழி தோண்டும்போது கையளவு கனத்தில் வேர் குறுக்கிட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள்.

வீட்டின் நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்காக, சமமட்டமாகப் போகணும். 16 அடிப் பக்கத்தில் கால்கள் எட்டடிக்கு ஒன்று, 12 அடிப் பக்கத்தில் ஆறடிக்கு ஒன்று. மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்கள் அளவு ரொம்ப வசதி. 12, 16 என்றால் குறுக்களவு சரியாக 20 அடி, ரெண்டு குறுக்கும் 20 வந்தால் மூலை நேர். டேப்பைச் சரிவோடு சேர்த்து வைத்து அளந்துவிடாதீர்கள், கிடைமட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியைத் தரையில் குறிக்கணும். மட்டம் பார்க்க டியூப் லெவல், அதாவது தண்ணி நிரப்பிய கண்ணாடி மாதிரிக் குழாய் போதும், மரத்துக்குப் பின்னால் இருக்கிற புள்ளிக்கும் அதைக் கொண்டுபோகலாம் என்பதால் இந்த மாதிரி இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழியைத் தொடுவதற்கு முன்னால் வீட்டுக்கு மேல்பக்கம் ஆறேழு அடி தள்ளி ஒரு வாய்க்கால் எடுத்துவிடுங்கள். ஒரு அடி ஆழம், பிறை மாதிரி வளைந்து ரெண்டு பக்கமும் தண்ணியைத் திருப்பிவிடணும், 50 அடிக்கு ஒரு அடி வாட்டம் போதும். தண்ணி வெளியேறுகிற இடத்தில் கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் அங்கே அரித்துக் கீழே இருக்கிறவர் தோட்டத்தில் போய் நிற்கும். பலர் இதை வீடு முடிந்த பிறகு செய்கிறார்கள். வேலை நடக்கும்போதே ஒரு மழை வந்தால் ஒன்பது குழியும் ஒன்பது தொட்டியாகிவிடும், அடி மண் ஊறிச் சேறாகிவிட்டால் அதை வழித்தெடுத்துத் திரும்பத் தோண்டத்தான் வேண்டும்.

குழி ஆழம் குறைந்தது ரெண்டரை அடி, சரிவின் கீழ்ப்பக்க விளிம்பிலிருந்து அளந்து. கறுத்த மேல்மண், வேர் எல்லாம் தாண்டிச் செம்மண் கலந்த கெட்டிச் சரளை வரணும். 12 மி.மீ. கம்பியை உடம்பு எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள், ரெண்டு மூணு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் இன்னும் தோண்டணும். குழியின் அடி சரிவாக இருக்கக் கூடாது, கிடைமட்டமாக வெட்டுங்கள். ஒன்பது குழியும் வேறு வேறு மட்டத்தில் இருந்தால் பரவாயில்லை.

இந்த மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அது சிதைந்து மண்ணாகும்போது நடுவில் சிதையாத உருண்டைகள் மிச்சமிருக்கும், மண்ணுக்குள் தேங்காயைப் புதைத்து வைத்த மாதிரி. கடப்பாரை டங் என்று சத்தம் போட்டதும் பாறை வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஆட்கள் சந்தோசப்படுவார்கள். அவசரப்படாதீர்கள். அது அடிப்பாறையா, உருண்டையா என்று பார்க்கணும். சுற்றிலும் ரெண்டடி தள்ளி நாலு பக்கமும் கடப்பாரையை இறக்குங்கள், ஒரு பக்கம் மண்ணுக்குள் சரக்கென்று இறங்கினால் அது உருண்டை. குழியில் பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் புட்டிங் உட்காரக் கூடாது, கல்லை எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் கால் வரிசையை ஒரு அடி ரெண்டடி நகர்த்துங்கள். நிஜமான அடிப்பாறை என்றால் வேலை சுலபம். மேலே சொரசொரப்பாக்கி, ஒரு அடி ஆழத்துக்கு நாலு துளை போட்டுத் தூசியை ஊதி எடுத்து, 16 மி.மீ. கம்பிகளை எபாக்ஸிப் பசையோ கெட்டிச் சிமெண்ட் கலவையோ வைத்து இறுக்கிவிட்டால் புட்டிங்கே வேண்டாம், நேராகத் தூண்தான்.

கம்பி வேலையை மலைமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சேலத்திலேயே வெட்டி வளைத்துக் கட்டிவிடுங்கள். அடிவலைக்கு 10 மி.மீ. கம்பி ஆறங்குல இடைவெளியில் ரெண்டு பக்கமும் நாலு நாலு, தூணுக்கு நாலு 12 மி.மீ. கம்பி, 8 மி.மீ. ரிங் ஆறங்குலத்துக்கு ஒன்று. ஒரு காலுக்கு மொத்தம் பத்து கிலோதான், ஒரு ஆள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். கம்பிக்கு அடியிலும் பக்கத்திலும் இடைவெளி விடுகிற கவர் பிளாக் ரெண்டங்குலம் வையுங்கள், கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் துருப்பிடித்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும்.

கலவை சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3. ரோட்டில் கலந்து சட்டியில் தூக்கிக்கொண்டு 400 மீட்டர் நடக்க வேண்டாம், அலுங்கி ஜல்லி அடியில் தங்கிவிடும், அதுவும் இல்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் போனால் சிமெண்ட் இறுக ஆரம்பிக்கும். மணலையும் ஜல்லியையும் பழைய அரிசிச் சாக்குகளில் பாதி பாதி கட்டி நடையில் அனுப்புங்கள். குழிக்குப் பக்கத்தில் தகரத் தாள் விரித்து அதன் மேல் கலக்கலாம். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணி, அதற்கு மேல் வேண்டாம். கையால் கலக்கிறவர்களுக்குத் தண்ணி அதிகமானால் சுலபம் என்பதால் யாராவது ஒரு குடம் சேர்த்து ஊற்றத்தான் பார்ப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அங்கே கிடக்கிற கல்லை உடைத்து மண்ணோடு போடுவதும் வேண்டாம். ஒரு புட்டிங்கைத் தொடங்கினால் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள், 16 மி.மீ. கம்பியால் நன்றாகக் குத்திவிடுங்கள். சிமெண்டை மொத்தமாக வாங்கி மலையில் அடுக்காதீர்கள், பனிமூட்டத்தில் மூட்டை ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள்.

தண்ணிக்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள். கலக்க 300 லிட்டர்தான், ஆனால் நனைக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். தை முதல் சித்திரை வரை வேலைக்கு நல்ல காலம், ஆனால் அப்போதுதான் ஊற்றும் பள்ளமும் வற்றும். 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றை முதலிலேயே உருட்டிக் கொண்டுபோய் வைத்து, மழை இருக்கும்போதே நிரப்பி மூடிவிட்டால் பாதிக் கவலை போகும். தூணைச் சுற்றி ஈரச் சாக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள். இப்போது கிடைக்கிற பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது.

தூண் தலையில் கான்கிரீட்டுக்குள் புதைகிற, அடி வளைந்த நாலு ஜே போல்ட், 16 மி.மீ. அதில் அடியில் ஒரு நட், நடுவில் இரும்புத் தகடு, மேலே ஒரு நட். இந்த அடி நட்டால்தான் ஒன்பது தகட்டையும் நூல் பிசகாமல் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடியும், பிறகு தகட்டுக்கடியில் இருக்கிற இடைவெளியில் கிரௌட் (சுருங்காத சிமெண்ட் கலவை) அடைத்துவிடலாம். போல்ட்டுகளின் இடம் பிசகாமல் இருக்க, தகட்டின் அளவிலேயே பலகையில் நாலு துளை போட்டு அதில் செருகி வைத்துக் கான்கிரீட் போடுங்கள். தகட்டின் மேல் நாலங்குலச் சதுரக் குழாய், மேல்வரிசையில் குட்டை, கீழ்வரிசையில் நெட்டை. கீழ்வரிசைக் குழாய் மூணு நாலடிக்கு மேல் போனால் குறுக்கு ஆங்கிள் போட்டுப் பின்னிவிடணும், ரெண்டு திசையிலும். எல்லாத் துளையையும் பட்டறையிலேயே போட்டுப் போல்ட் வேலையாக வைத்துக்கொண்டால் மலையில் கரண்ட்டும் வெல்டிங்கும் தேவையில்லை.

இலகுவான வீடு என்றால் காற்று தூக்குமே என்று கேட்பீர்கள். புட்டிங் 270 கிலோ, தூணும் அதன் மேல் மிதித்து ரொப்பிய மண்ணும் சேர்த்தால் ஒவ்வொரு காலும் அரை டன்னுக்கு மேல் பிடித்து நிற்கும். அது வேலை செய்ய ரெண்டு விஷயம் வேண்டும். கூரையிலிருந்து கால் வரைக்கும் எல்லாம் போல்ட்டால் தொடர்ச்சியாகப் பிணைந்திருக்கணும், குழியைத் திரும்ப மூடும்போது ஆறங்குலம் ஆறங்குலமாக மண் போட்டு நனைத்து இடிக்கணும். ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் மழைத் தண்ணி அங்கேதான் இறங்கும்.

நம்ம பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்கும் வேலிக்கும் நடுகிற கருங்கல் கால்களை வைத்தே செய்யலாமே என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது, எனக்கும் ஆசைதான். ஆனால் ஆறங்குலச் சதுரத்தில் ஏழடிக் கால் ஒன்று 130 கிலோ வரும், நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கினாலும் சரிவில் ஒருவர் வழுக்கினால் என்னாகும் என்று யோசியுங்கள். பக்கவாட்டு அசைவில் முறியும், மேல்சட்டத்தோடு பிணைப்பதும் கஷ்டம். உங்கள் தோட்டத்திலேயே பழைய கால்கள் கிடந்தால் படிக்கட்டுக்கும் திண்ணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையானுக்காகத் தரைச்சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மேல்பக்கத்திலும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கணும், ஆள் படுத்துக்கொண்டு உள்ளே பார்க்கிற அளவுக்கு. மரச்சட்டம் போடுவதாக இருந்தால் தூண் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஓரம் கீழ்ப்பக்கம் மடித்த ஜி.ஐ. தகடு வையுங்கள். கரையான் அதைச் சுற்றித்தான் மண்குழாய் கட்டி ஏறணும், ஏறினால் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கடியில் விறகும் அட்டைப்பெட்டியும் அடுக்கிவிட்டால் இந்த இடைவெளிக்கு அர்த்தமே இல்லை.

ஆட்களைப் பொறுத்தவரை, சுமைக்கு அந்த ஊர் மக்களையே கேளுங்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்தத் தடமும் மண்ணும் தெரிந்த மாதிரி கீழிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. ராசிபுரத்துக்கு மேலே போதமலையில் தேர்தல் பெட்டியே ஆள் நடையில்தான் ஏறிக்கொண்டிருந்தது. நாள் கூலியா, நடைக் கூலியா என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள், மூட்டையை 25 கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள், ஈரத் தடத்தில் 50 கிலோ சிமெண்ட் மூட்டையை முழுதாக ஒருவர் தலையில் ஏற்றுவது பாவம். பொழுது சாயும் முன்னே குழிகளின் மேல் பலகையும் முள்ளும் போட்டு மூடுங்கள், அந்தப் பக்கம் காட்டுமாடு நடமாட்டம் உண்டு.

முதல் மழைக்காலம் முடிந்ததும் டியூப் லெவலை எடுத்துக்கொண்டு போய் ஒன்பது தகட்டையும் திரும்பப் பாருங்கள். கால் அங்குலம் இறங்கியிருந்தால் போல்ட்டில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள். ஒரே கால் அதற்கு மேல் இறங்கியிருந்தால் தகடு வைத்து மறைக்காமல், வாய்க்கால் எங்காவது அடைத்துத் தண்ணி அந்தக் காலடிக்கு வருகிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.